எதிர்ப்பா, இணக்கமா? இரசாயனச் சமநிலை விதியும் அதன் தமிழ் விளக்கமும்

இரசாயனம் பயிலும் மாணவர் மனத்தில் எளிதிற் பதிந்து, பதிந்தபின் எளிதில் நீங்காத விதி ஒன்று உண்டெனில், அது லீ சாட்லியர் விதியே. சமநிலையில் இருக்கும் ஓர் அமைப்பின்மீது மாற்றம் ஒன்றைச் சுமத்தினால், அவ்வமைப்பு அம்மாற்றத்தை எதிர்த்து, அதன் விளைவை இல்லாமற் செய்யும் திசையில் நகரும் என்னும் பொருள்பட, சொற்கள் சிறிது முன்பின்னாக இருந்தாலும், தமிழில் வந்த பாடநூல்களும் பயிற்சி நூல்களும் ஏறத்தாழ ஒரே குரலிற் கூறுகின்றன. ஒரு மூச்சிற் சொல்லி முடித்துவிடலாம். கணக்கு வேண்டியதில்லை. தேர்வுத்தாளில் எக்கேள்வி வரினும் இதனை முதலில் எழுதி, "ஆகவே வினை வலப்புறம் நகரும்" என்றோ, "இடப்புறம் நகரும்" என்றோ முடித்துவிடலாம். அதனாலேயே இது விதியாக இராமல், கையிற் கட்டிய தாயத்தாகிவிட்டது.

தாயத்தின் குறை யாது? சில வேளை பலிக்கும். சில வேளை பலிக்காது. எப்போது பலிக்கும் என்பதை அதுவே சொல்லாது. இவ்விதியின் வழக்கமான வாசகமும் அத்தகையதே. அது சரியான விடையைத் தரும் இடத்திலும் காரணத்தைத் தருவதில்லை. தவறான விடையைத் தரும் இடத்திலோ, முன்போலவே உறுதியான குரலிற் பேசுகிறது.

முதலிற் சொற்களைப் பார்ப்பது தகும். 'சமநிலை' என்னும் சொல் தமிழ் மாணவன் செவியில் தராசைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. தராசின் இரு தட்டும் நேராக நிற்பது இருபுறமும் எடை ஒத்திருக்கும்போது. எனவே சமநிலை எய்திய குடுவையிலும் இருபுறத்துப் பொருள்களும் பாதிக்குப் பாதி இருக்கும் என்று அவன் எண்ணுகிறான். மலேசியாவிலோ இந்த எண்ணம் இன்னொரு படி ஏறுகிறது. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற் கற்பிக்கப்படலாயின. அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009-இல் வந்தது. இடையில் எம்மொழி வந்தாலும், தோட்டத்துப் பிள்ளை தமிழில் தராசு பிடித்த கருத்தோடுதான் இடைநிலைப் பள்ளிக்குப் போகிறது. அங்கே 'கெசெய்ம்பாங்கான்' என்னும் மலாய்ச் சொல் காத்திருக்கிறது. அதுவும் எடை ஒத்திருத்தலையே நினைவூட்டும் சொல். ஒரு மொழியிற் கொண்ட மயக்கத்தை மற்றொரு மொழி உறுதிப்படுத்துகிறது.

'மீள்வினை' என்பதும் அப்படியே. மீளுதல் என்றால் போனது திரும்புதல். மலாயிலும் 'பெர்பாலிக்' என்பர். 'பாலிக்' என்பது ஊருக்கும் வீட்டுக்கும் திரும்பிப் போதலைக் குறிக்க அன்றாடம் வழங்கும் சொல். ஆகவே வினை ஒருமுறை கடைசிவரை போய், அங்கிருந்து பஸ் திரும்புவதுபோற் பின்னே வருகிறது என்று மாணவன் படம் வரைந்துகொள்கிறான். உண்மையில் இரு வினைகளும் ஒரே நேரத்தில், ஒரே குடுவையில், ஓயாமல் நடக்கின்றன. ஈப்போவில் குனோங் சீரோ அடிவாரத்தில் உள்ள கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்தில் தைப்பூசத்தன்று கூடும் கூட்டத்தை எண்ணிப் பார்க்கலாம். நிமிடத்துக்கு இத்தனை பேர் வாயிலில் நுழைகின்றனர்; அதே அளவினர் வெளியேறுகின்றனர். உள்ளே இருப்போர் தொகை மாறாமல் நிற்கிறது. ஆனால் உள்ளே ஆயிரம் பேர், வெளியே பல்லாயிரம் பேர். சமமானவை தொகைகள் அல்ல, போக்கும் வரவுமே. 'இயங்கு சமநிலை' என்று தமிழில் நல்லதோர் ஆட்சி உண்டு. அதனைத் தலைப்பில் ஒருமுறை சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்திலேயே இயக்கத்தை மறந்துவிடுவதுதான் நூல்களின் வழக்கம்.

இக்குறைக்கு மொழியின் வறுமை காரணம் என்று சொல்ல இடமில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் உழைப்பால் 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் 1875-இலேயே தமிழில் வெளிவந்தது. அப்போது லீ சாட்லியர் விதியே பிறக்கவில்லை. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு இரசாயன உரைநடை உள்ள மொழியில், இரு வினைகளின் வேகத்தை எடுத்துச் சொல்லச் சொற்கள் இல்லாமற் போகவில்லை. சொல்ல வேண்டிய கருத்து விட்டுப்போயிற்று என்பதே உண்மை.

விதியின் பிறப்பை அறிந்தால் இது இன்னும் தெளிவாகும். ஆன்றி லீ சாட்லியர் 1850 முதல் 1936 வரை வாழ்ந்த பிரெஞ்சுக்காரர்; சுரங்கப் பொறியியல் பயின்றவர்; சிமெண்டும் சுண்ணாம்பும் அவருடைய பழைய ஆராய்ச்சிப் பொருள்கள். சூளையின் வெப்பத்தைச் சரியாக அளக்க வேண்டி, பிளாட்டினக் கம்பிகளால் ஆன வெப்ப இரட்டையைச் செம்மைப்படுத்தியவரும் அவரே. 1884-இல் டச்சு அறிஞர் வான்ட் ஹாஃப், வெப்பநிலை மாறினால் சமநிலை எப்பக்கம் சாயும் என்பதை நிறுவினார். அவ்வாண்டிலேயே லீ சாட்லியர் அதனை அழுத்தம் முதலியவற்றுக்கும் விரித்துக் கூறினார். முதலிற் கூறிய வாசகம் நீண்டது, சிக்கலானது. 1888-இல் சுருக்கினார். ஜெர்மானியரான ஃபெர்டினாண்ட் பிரவுனும் தனியே இதே கருத்தை எட்டியதால், இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்வாரும் உண்டு. சுருக்கச் சுருக்கத்தான் விதி பரவிற்று. பரவப் பரவத்தான் அதன் எல்லைகள் உதிர்ந்துபோயின.

அவர் காட்ட விரும்பிய பயன் கைத்தொழில் சார்ந்தது. இரும்பு ஊதுலைகளில் இருந்து வெளிவரும் புகையில் கரி ஓராக்சைடு மிகுதியாக வீணாவதைக் கண்ட தொழிலதிபர்கள், தாதுவும் வாயுவும் ஒன்றோடொன்று பழகப் போதிய நேரம் இல்லை என்று கருதி, உலைகளை உயர உயரக் கட்டினார்கள். பெரும்பொருள் செலவாயிற்று. வெளியேறும் வாயுவின் விகிதமோ மாறவில்லை. அந்த வினை மீளுந்தன்மை உடையது. குறித்த வெப்பநிலையிற் குறித்த விகிதத்தில் நின்றே தீரும். கோபுரத்தை உயர்த்துவதால் மாறாது. இதனை அறிவிக்க வந்த விதி, எல்லாக் கேள்விக்கும் விடை தரும் பொதுமொழியாக மாறியது பின்வந்தோர் செய்கை.

மாறிய உடனே கண்டனமும் எழுந்தது. 1909-இல் பிரான்சில் ராவோவும், 1911-இல் பால் எரன்ஃபெஸ்டும் வழக்கமான வாசகம் தெளிவற்றது என்று எழுதினர். எரன்ஃபெஸ்ட் தொட்ட இடம் கூர்மையானது. வாயுக்கள் சமநிலையில் இருக்கும் உருளை ஒன்றின் உலக்கையை அழுத்துவதாகக் கொள்க. மூலக்கூறுகள் குறையும் பக்கம் வினை நகர்கிறது. அதனால் அழுத்தம் எதிர்பார்த்த அளவு ஏறவில்லை. அழுத்தத்தை நோக்கினால் இது எதிர்ப்பு. ஆனால் அதே நேரத்தில் கன அளவைப் பாருங்கள். வினை நகராதிருந்தால் எவ்வளவு சுருங்கியிருக்குமோ, அதைவிட மிகுதியாக அல்லவா சுருங்கியிருக்கிறது? கன அளவை நோக்கினால் இது இணக்கம். ஒரே நிகழ்ச்சி, பார்வைக்கேற்ப எதிர்ப்பும் ஆகிறது, இணக்கமும் ஆகிறது. வெப்பத்திலும் இதே கதைதான்: வெப்பநிலை ஏற்றத்தை அமைப்பு தணிக்கிறது, ஆனால் அதைத் தணிப்பதற்காகவே கூடுதலான வெப்பத்தை விழுங்குகிறது. 'மாற்றம்' என்று பொதுப்படச் சொன்னால் எந்த மாற்றம் என்பதே விளங்காது. நூறாண்டுக்கு மேற்பட்ட இக்கண்டனம் தமிழ்ப் பாடநூல்களின் படியேறாதது வியப்புக்குரியது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடலாம். 'இல்லாமற் செய்யும்' என்பது எந்தப் பார்வையிலும் பொருந்தாது. அழுத்தத்தில் நிகழும் தணிவு ஒரு பகுதியே; முழுதும் நீங்குவதே இல்லை. 'ஈடுசெய்யும்' என்று எழுதும் நூல்கள் சற்று நல்லவை. 'தணிக்கும்' என்பது இன்னும் நன்று.

பேராக் தோட்டங்களில் வளர்ந்தவர்க்கு எரன்ஃபெஸ்டின் உருளையைவிட ஆசிட் தொட்டி அணுக்கமானது. பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. சிறுதோட்டக்காரர் பலர் பாலை மங்கிலேயே உறையவிட்டுக் கட்டிப்பாலாக விற்கின்றனர். ஆயினும் ஸ்டோருக்குப் பால் வந்து, வடிகட்டி, நீர் கலந்து, பார்மிக் ஆசிட் ஊற்றி உறையவைத்த முறையை மூத்தோர் நன்கறிவர். ஆசிட்டை வந்தபடியே ஊற்றுவதில்லை. நீர் விட்டு நெகிழ்த்தியே ஊற்றுவர். அங்கேதான் இவ்விதியைச் சோதிக்கத் தக்க கேள்வி இருக்கிறது: நீர் விட்டால் ஆசிட்டின் வீரியம் கூடுமா, குறையுமா?

கேள்வி குழந்தைத்தனமாகத் தோன்றலாம். ஸ்டோரில் நின்ற எவரும் 'குறையும்' என்பர். ஆனால் விதியை மனப்பாடம் செய்த மாணவன் தயங்குவான். பார்மிக் அமிலம் வலுக்குறைந்த அமிலம். அதன் மூலக்கூறுகளில் ஒரு சிறு பகுதியே நீரில் ஹைட்ரஜன் அயனியாகவும் பார்மேட் அயனியாகவும் பிரிந்து நிற்கும். லிட்டருக்கு 0.1 மோல், அதாவது 4.6 கிராம் அமிலம் உள்ள கரைசலில் நூற்றுக்கு 4 அளவே பிரிந்திருக்கிறது. மீதி 96 பிரியாமலே இருக்கிறது. (சமநிலை என்றால் பாதிக்குப் பாதி என்போர் இவ்விடத்திற் சற்று நிற்க.) இதனைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து லிட்டருக்கு 0.01 மோல் ஆக்கினால், பிரிந்த பகுதி நூற்றுக்கு 12-க்கு மேல் உயர்கிறது. விதி சொன்னபடியே சமநிலை வலப்புறம் நகர்ந்துவிட்டது. பிரிவு கூடிற்று, ஹைட்ரஜன் அயனி கூடிற்று, ஆகவே புளிப்பும் கூடிற்று என்று மாணவன் எழுதிவிடுகிறான்.

கணக்கோ வேறு சொல்கிறது. முதற் கரைசலில் ஹைட்ரஜன் அயனி லிட்டருக்கு ஏறக்குறைய 0.0041 மோல். நீர்த்த பின் 0.00125 மோல். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பிரிந்த விழுக்காடு மும்மடங்கு ஏறியும், பத்து மடங்கு நீர் கலந்த நட்டத்தை அது ஈடுகட்டவில்லை. விதி பொய் சொல்லவில்லை. ஆனால் 'நகரும்' என்று மட்டும் சொல்லிவிட்டு, எவ்வளவு என்பதையும் எதைப் பொறுத்து என்பதையும் சொல்லாமல் விட்டது. ஸ்டோரில் நிற்பவன் சரியாகச் சொல்லும் விடையை வகுப்பில் நிற்பவன் தவறவிடுமாறு செய்யும் பாடம் எத்தகைய பாடம்?

காரணத்தைக் கூற வேண்டுமாயின் எதிர்ப்பு, விருப்பு என்னும் பேச்சே வேண்டியதில்லை. பிரிவதற்கு ஓர் அமில மூலக்கூறு போதும். சுற்றிலும் நீர் நிறைய உண்டு. மீண்டும் கூடுவதற்கோ இரண்டு அயனிகள் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். பத்து மடங்கு நீர் விட்டவுடன் பிரியும் வேகம் பத்தில் ஒன்றாகிறது. கூடும் வேகமோ, இருவரும் அரிதாகிவிட்டபடியால், நூற்றில் ஒன்றாகிறது. ஆகவே சிறிது நேரம் பிரிவு மிகுந்து, கூடுதல் பின்தங்கி, பின்னர் இரண்டும் ஒத்த வேகத்துக்கு வருகின்றன. அவ்வளவே. அமிலத்துக்கு மனம் இல்லை. எதிர்க்க வேண்டும் என்ற எண்ணமும் இல்லை.

ஸ்டோரைப் பற்றிப் பேசும்போது ஒரு வேறுபாட்டையும் குறிக்க வேண்டும். ஆசிட் பிரிவதும் கூடுவதும் மீள்வினை. பால் உறைவது அவ்வாறன்று. பாலில் மிதக்கும் ரப்பர்த் துளிகளின் மேற்புறத்தில் புரதம் முதலியன எதிர்மின் ஏற்றத்தோடு நிற்பதால் துளிகள் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கின்றன. அமிலம் அவ்வேற்றத்தைத் தணித்ததும் துளிகள் ஒட்டிக்கொள்கின்றன. அம்மோனியா கலந்தால் பால் உறையாமல் நிற்கும் என்பது உண்மை. ஆனால் உறைந்த கட்டியின்மேல் எவ்வளவு அம்மோனியா ஊற்றினாலும் பால் திரும்ப வராது. ஒரே தொட்டியில் மீள்வதும் மீளாததும் அடுத்தடுத்து நிகழ்கின்றன. அன்றாட உதாரணம் தேடி அவசரப்படும் நூல்கள் இரண்டையும் ஒரே கயிற்றிற் கட்டிவிடக் கூடாது.

லீ சாட்லியர் சுண்ணாம்பை ஆராய்ந்தவர் என்பது மேலே கண்டது. கிந்தா சமவெளியைச் சூழ்ந்து நிற்பனவும் சுண்ணாம்புக் குன்றுகளே. ஆகவே அவர் விதியை அவர் கையாண்ட பொருளிலேயே சோதிப்பது நியாயம். காளவாயில் சுண்ணாம்புக் கல் சுடும்போது அது சுட்ட சுண்ணாம்பாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. மூடிய கலத்தில் இது மீள்வினை. குறித்த வெப்பநிலையில் கரியமில வாயுவின் அழுத்தம் குறித்த அளவில் நின்றுவிடும்: 800 பாகை செல்சியசில் ஒரு வளிமண்டல அழுத்தத்தின் கால் பங்குக்கும் குறைவு, 900 பாகையை ஒட்டி ஒரு வளிமண்டலம். இப்போது மாணவனைக் கேட்போம்: மூடிய கலத்தில் இன்னும் கொஞ்சம் சுட்ட சுண்ணாம்பைப் போட்டால் என்ன ஆகும்? விளைபொருளைக் கூட்டினோம், ஆகவே அமைப்பு எதிர்த்து இடப்புறம் நகரும், கரியமில வாயு குறையும் என்பது மனப்பாட விடை. உண்மையில் ஒன்றும் ஆகாது. திண்மப் பொருள் எவ்வளவு குவிந்தாலும் அதன் செறிவு மாறுவதில்லை. காளவாயின் மேல்வாய் திறந்திருந்து, காற்றோட்டம் வாயுவை அள்ளிச் செல்வதாலேயே கல் முழுதும் வேகிறது. சுண்ணாம்பு சுட்டவர்கள் விதி அறியாமலே வாயுவை வெளியேற விட்டார்கள்.

இனி அம்மோனியா. இதுவே பாடநூல்களின் செல்லப்பிள்ளை. நைட்ரஜன் ஒரு பங்கும் ஹைட்ரஜன் மூன்று பங்கும் சேர்ந்து அம்மோனியா இரண்டு பங்கு ஆகும், வெப்பம் வெளிப்படும். லீ சாட்லியரே 1901-இல் இதனை உயர் அழுத்தத்தில் முயன்றார்; கருவியிற் காற்றுப் புகுந்து வெடிப்பு நேர்ந்தது; முயற்சியைக் கைவிட்டார். பிற்காலத்தில் அதற்காக மிக வருந்தினார். 1909-இல் ஹாபர் வெற்றி கண்டார். 1913-இல் ஒப்பாவில் பாஷ் தொழிற்சாலையே நடத்தினார். கேரளத்து ஆல்வாயில் 1947-இல் உற்பத்தியைத் தொடங்கிய உரத்தொழிற்சாலையோ விறகை எரித்து வாயுவாக்கி அம்மோனியா செய்தது. மலாயாத் தோட்டங்களில் ரப்பர் மரத்துக்கு இட்ட அம்மோனியம் சல்பேட் உரமும் இக்குடும்பத்துப் பிள்ளையே.

நூல்கள் இங்கே அழுத்தத்தைக் கூட்டு, வெப்பத்தைக் குறை என்று விதியைக் கொண்டு சொல்கின்றன. அளவுகள் அதற்குச் சான்று: 100 வளிமண்டல அழுத்தத்தில் 200 பாகையில் நூற்றுக்கு 81.5 அம்மோனியா, 400 பாகையில் 25, 500 பாகையில் 10.6. அப்படியானால் ஆலைகள் ஏன் 200 பாகையில் நடப்பதில்லை? குறைந்த வெப்பத்தில் இரு வினைகளும் ஆமை வேகத்தில் நடக்கும். சமநிலை வரும்வரை முதலாளி காத்திரார். வினையூக்கி இரு பக்கத்தையும் ஒருசேர விரைவுபடுத்தும்; சமநிலையை இம்மியும் நகர்த்தாது. சமநிலை எங்கே என்பதும், அங்கே எவ்வளவு விரைவிற் சேரலாம் என்பதும் வேறு வேறு கேள்விகள். முதற் கேள்விக்கே உரிய விதியை இரண்டுக்கும் விடையாக நீட்டுவது வழக்கமாகிவிட்டது.

ஆனால் விதியின் வாசகம் வெளிப்படையாகவே தவறும் இடமும் இந்த அம்மோனியாவில்தான் இருக்கிறது. கலவையில் நைட்ரஜனைக் கூட்டினால் என்ன ஆகும்? அமைப்பு நைட்ரஜனைச் செலவிட்டு அம்மோனியாவைப் பெருக்கும் என்று எழுதாத மாணவன் இல்லை. அதற்கு மதிப்பெண் இடாத ஆசிரியரும் இல்லை. கலத்தின் கன அளவு மாறாதிருந்தால் அது சரி. அழுத்தம் மாறாதிருக்குமாறு உலக்கை விலகிக்கொடுத்தாலோ, அது எப்போதும் சரியன்று. டச்சுக்காரரான போஸ்துமஸ் 1933-இலேயே இதனைக் காட்டினார். 1957-இல் டி ஹியர் என்பவர் ஆசிரியர்களுக்காக அமெரிக்க இதழ் ஒன்றில் மீண்டும் விளக்கினார்.

நைட்ரஜன் 7, ஹைட்ரஜன் 2, அம்மோனியா 1 என்று பத்துப் பங்கு சமநிலையில் நிற்பதாகக் கொள்வோம். அழுத்தம் மாறாமல் ஒரு பங்கு நைட்ரஜன் சேர்த்தால் மொத்தம் 11. நைட்ரஜனின் பங்கு வீதம் 0.70-இலிருந்து 0.727 ஆகச் சிறிதே உயர்கிறது. ஹைட்ரஜனின் வீதமோ 0.20-இலிருந்து 0.182 ஆகக் குறைகிறது. வினையில் ஹைட்ரஜன் மூன்று பங்கு கலப்பதால் அக்குறைவு மும்முறை பெருக்கப்பட்டு முக்காற் பங்களவாகிறது. அம்மோனியாவின் வீதமும் பதினொன்றிற் பத்தாகிறது. அது இருமுறை பெருக்கப்படும். எல்லாவற்றையும் சேர்த்து, விளைபொருளின் பெருக்கத்தை வினைபடு பொருள்களின் பெருக்கத்தால் வகுத்தால், ஈவு முன்னிருந்ததைவிட நூற்றுக்கு 6 அளவு மிகுந்துவிட்டது. சமநிலைக்கு உரிய ஈவைத் தாண்டிவிட்டபடியால், அம்மோனியா பெருகாமல் உடைகிறது. கூட்டிய நைட்ரஜனோடு மேலும் நைட்ரஜன் சேர்கிறது! கலவையிற் பாதிக்கு மேல் நைட்ரஜனாக இருக்கும்போதெல்லாம் இப்படித்தான்.

இக்கணக்கில் வித்தை ஒன்றும் இல்லை. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை அறிந்த பெருக்கலும் வகுத்தலுமே. இவ்விடத்தில் 'எதிர்க்கும்' என்ற சொல் என்ன செய்யும்? சேர்த்த பொருளை எதிர்த்ததா, வரவேற்றதா? மௌனம்தான். ஈவு ஒன்றே வழி காட்டுகிறது. ஆகவே சமநிலைப் பாடத்தை ஈவிலிருந்து தொடங்க வேண்டும். செறிவையோ அழுத்தத்தையோ மாற்றினால் மாறுவது கலவையின் ஈவு; அது சமநிலை மாறிலிக்குக் கீழே போனால் விளைபொருள் பெருகும், மேலே போனால் குறையும். வெப்பநிலையை மாற்றினால் மாறுவது மாறிலியே. வினையூக்கி இரண்டையும் தொடாது. மாறா வாயு ஒன்றைக் கன அளவு மாறாமற் புகுத்தினால் மொத்த அழுத்தம் ஏறும். எந்தப் பொருளின் செறிவும் மாறாததால் ஈவும் மாறாது, சமநிலையும் அசையாது. இவ்வளவையும் சொன்னபின், லீ சாட்லியர் விதியை நினைவுக்கு எளிய கைத்தடியாகக் கொடுப்பதில் தவறில்லை. கைத்தடியைக் கொடுத்துவிட்டுக் காலை வெட்டுவதுதான் தகாது. நான்காம் படிவத்தில் வலுக்குறைந்த அமிலத்தைச் சந்திக்கும் மாணவன், ஆறாம் படிவத்திலோ மெட்ரிகுலேஷனிலோ முழுச் சமநிலையைச் சந்திக்கும்வரை இடைப்பட்ட காலத்தில் தராசும் பஸ்ஸும் மனத்தில் வேரூன்றிவிடுகின்றன.

கணக்குக்கு அஞ்சுவோர் கண்ணாற் காணத்தக்க பாடம் ஒன்று ஈப்போவிலேயே இருக்கிறது. கோப்பேங் அருகே குவா தெம்புருங் குகையிலும், பேராக் தோங், சாம் போ தோங் போன்ற குகைக் கோயில்களைத் தாங்கும் குன்றுகளிலும் தொங்கும் கல்விழுதுகள் நூற்றாண்டுக் கணக்கில் நடந்த மீள்வினையின் எழுத்துகள். மழைநீர் மண்ணில் ஊறும்போது, வேர்கள் விடும் மூச்சாலும் மட்கும் இலைகளாலும் அங்கே நிறைந்திருக்கும் கரியமில வாயுவை ஏற்றுக்கொள்கிறது. மண்ணுக்குள் இவ்வாயு வெளிக்காற்றில் உள்ளதைவிடப் பன்மடங்கு. அந்நீர் சுண்ணாம்புக் கல்லைக் கரைத்து பைகார்பனேட்டாகச் சுமந்து இறங்குகிறது. குகையின் கூரையில் துளியாக நிற்கும்போது, குகைக்காற்றிற் கரியமில வாயு குறைவாதலால், துளியிலிருந்து வாயு வெளியேறுகிறது. ஈவு மாறுகிறது, கரைந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகப் படிகிறது. மேலே கரைத்த வினையும் கீழே படிந்த வினையும் ஒன்றே. திசை மட்டும் வேறு.

சிறுவர் நூல்கள் பலவும் இதனை நீர் ஆவியாகிச் சுண்ணாம்பு மிஞ்சுகிறது என்று முடித்துவிடுகின்றன. காற்றடிக்கும் குகைவாயிலில் ஆவியாதலுக்கும் பங்குண்டு. உள்ளே போகப்போகக் காற்று ஈரத்தால் நிறைந்து நிற்கிறது. கழற்றி வைத்த சட்டை அங்கே எளிதில் உலராது. உலராத இடத்தில் உலர்ந்து கல் வளர்ந்தது என்பது எவ்வாறு? ஆவியாதல் என்று சொல்லும்போது மீள்வினை மறைந்துபோகிறது; உப்பளத்துக் கதையாகிவிடுகிறது. சுண்ணாம்பு நிலத்துக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்த கெண்டியின் அடியில் வெள்ளைப் படலம் படிவதும் பெரும்பாலும் கரியமில வாயு வெளியேறுவதால்தான். பாதி நீர் வற்றும்வரை அது காத்திருப்பதில்லை.

திசை திரும்பவும் கூடும். கூட்டம் மிகுந்து, காற்றோட்டம் குறைந்த குகையில் மக்கள் விடும் மூச்சால் கரியமில வாயு ஏறுகிறது. சுவரிற் படியும் ஈரம் அதனை ஏற்றுக் கல்லையே மெல்லக் கரைக்கத் தொடங்கலாம். பிரான்சில் பழங்கால ஓவியங்கள் உள்ள லாஸ்கோ குகையை 1963-இல் பொதுமக்களுக்கு மூட நேர்ந்த காரணங்களுள் பார்வையாளர் மூச்சும் ஒன்று. கல்விழுதின் நுனியில் ஒரு துளி நிற்கிறது. அது இன்று கல்லைக் கூட்டுமா, கரைக்குமா என்பதைத் துளியின் எதிர்ப்புக் குணம் முடிவு செய்வதில்லை. அந்நீரில் எவ்வளவு சுண்ணாம்பு, அக்காற்றில் எவ்வளவு கரியமில வாயு, அக்குகையில் என்ன வெப்பநிலை என்ற மூன்று அளவுகளே முடிவு செய்கின்றன.